மருந்தடிக்காத இரண்டு வரிசை

எங்கள் கம்பம் ஊர்ப் பக்கம் ஒரு விவசாயியை அவமானப்படுத்த அவனைத் திட்ட வேண்டியதில்லை. அவன் திராட்சைத் தோட்டத்து ஓரமாக நின்று, பந்தலை அண்ணாந்து பார்த்து, "என்னப்பா, மருந்து அடிக்கலையா?" என்று கேட்டால் போதும், அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. கம்பத்துக்காரன் தன் கல்யாண நாளை மறப்பான், பிள்ளை எந்த வகுப்புப் படிக்கிறது என்பதை மறப்பான், கொடிக்கு மருந்தடிக்கும் நாளை மட்டும் மறக்க மாட்டான். மேற்கே மலைமேல் கொஞ்சம் மேகம் கூடினால் ஸ்பிரேயரை எடுத்துவிடுவான். நோய் வந்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கமெல்லாம் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் சத்தம் கேட்டால் தன் தோட்டத்திலும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் குணத்தைப் பற்றி நான் இவ்வளவு தெளிவாகப் பேசக் காரணம் உண்டு. அது என் மனைவியின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது. போட்டவன் நான்தான்.

அவள் என் தாய்மாமன் மகள், உத்தமபாளையத்துக்காரி. தொண்ணூற்றெட்டில் எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது பயிர் நோய்களைப் பற்றி முதுகலை முடித்திருந்தாள். மேலே முனைவர் பட்டம் படிப்பேன் என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. எங்கள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அது என்ன படிப்பு என்று யாருக்கும் புரியவில்லை என்பதுதான் அதற்குக் காரணம். நான் பி.காம். முடித்துவிட்டு, அத்தா விட்டுப்போன நான்கு ஏக்கர் பன்னீர் திராட்சையை அண்ணனோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் அடிச்சாம்பல் நோய். மழைக்காலத்தில் திராட்சை இலையின் மேல்பக்கம் எண்ணெய் பட்டது மாதிரி மஞ்சள் புள்ளி விழும். திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும். கவனிக்காமல் விட்டால் சில நாட்களிலேயே பந்தல் கருகிவிடும். ஊரே நடுங்குகிற நோயைப் படிக்க ஆசைப்பட்டு ஒரு பெண் நம் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கிறாள் என்று அண்ணன் கேலி செய்வார். கேலியில் பாதி உண்மை. என் முகத்தைவிட என் கொடிகளின் இலைகளைத்தான் அவள் அதிக நேரம் உற்றுப் பார்த்தாள்.

அவள் வேலை செய்யும் அழகு ஒன்று உண்டு. முக்காட்டின் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தலுக்கடியில் கழுத்தை அண்ணாந்தபடி காலையிலிருந்து மதியம் வரை நடப்பாள். ஒரு கையில் பூதக்கண்ணாடி, காதில் பென்சில். ஒரு கொடிக்கு இத்தனை இலை என்று கணக்கு வைத்து, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து எழுதுவாள். சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது. தைலம் தேய்த்துவிடுவது என் வேலை. நாங்கள் இரண்டு தலைமுறையாகத் திராட்சை வளர்க்கிறோம், ஒரு நாளாவது இலையை இப்படி முகம் பார்த்துப் பேசியிருக்கிறோமா என்று அப்போது எனக்குத் தோன்றும். வாய்விட்டுச் சொன்னதில்லை. புது மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கெத்து வேண்டுமே.

ஆராய்ச்சிக்கு மூன்று தோட்டங்களைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று சுருளிப்பட்டியில், ஒன்று ஆனைமலையான்பட்டியில், மூன்றாவது எங்களுடையது. ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு வரிசைக் கொடிகளுக்கு அந்தப் பருவம் முழுக்க மருந்தே அடிக்கக் கூடாது என்றாள்.

"அது கெட்டுப்போகுமே, புள்ள."

"கெட்டுப்போகணும் மச்சான். அது எப்படிக் கெடுதுன்னு பாத்தாத்தான் மத்தது எதனால பொழைச்சுச்சுன்னு சொல்ல முடியும்."

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வயதில் மனைவி கேட்டால் எதற்குத்தான் தலையாட்ட மாட்டோம். ஆட்டினேன்.

எங்கள் தோட்டத்தில் அவள் தேர்ந்தெடுத்தது மேற்கு ஓரத்து இரண்டு வரிசை. அதை ஒட்டித்தான் சுருளிப்பட்டி ரோடு போகிறது. வருகிறவன் போகிறவன் எல்லார் கண்ணும் அதில்தான் விழும். கொடியை வெட்டிவிடுகிற கவாத்து முடிந்து துளிர் விட்டதும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் மருந்து மோட்டார் உறுமியது. எங்கள் வரிசை இரண்டும் சும்மா நின்றன. இரண்டாம் நாளே ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்னப்பா, மருந்து அடிக்கலையா?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போய் டீக்கடையில் சொல்லிவிட்டார். மறுநாள் அங்கே டீ குடிக்கப் போன என் காதுபடவே ஒருவர் சொன்னார்: "படிச்ச பொண்டாட்டி வந்தா, தோட்டம் போச்சு."

என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அவளைச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

அவள் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த ஒரு நாள் காலையில் கைத்தெளிப்பானை எடுத்தேன். அது பகல்தான், மறைவாகக்கூடச் செய்யவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் தன் தோட்டத்துக்கு மருந்தடித்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இலையில் தடம் தெரியாத மருந்தாகப் பார்த்து வாங்கிவந்து, அந்த இரண்டு வரிசைக்கும் அடித்தேன். பக்கத்து வரிசையின் இலைகளில் அவள் அடையாளச் சீட்டுக் கட்டியிருந்தாள், அவை நனைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு கொடிக்கும் அடியில் போய் நின்று, முனையை மேல்நோக்கிப் பிடித்து, நிதானமாக அடித்தேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி அவள் பல்கலைக்கழகம் போனாள். மறுபடி அடித்தேன். மொத்தம் இரண்டே தடவை.

மற்ற இரண்டு தோட்டத்திலும் மருந்தடிக்காத வரிசைகள் கருகின. எங்கள் வரிசைகள் பச்சைப்பசேலென்று நின்றன. அவள் திரும்பத் திரும்ப வந்து பார்த்தாள்.

"மச்சான், இதுல யாரும் மருந்து அடிச்சாகளா?"

"இல்லையே."

அறுவடை முடிந்ததும் இன்னொரு முறை கேட்டாள். ஆய்வேட்டை எழுதி முடிக்கும்போது மூன்றாம் முறை கேட்டாள். மூன்று முறையும் இல்லை என்றேன். ஒரு பொய்யை ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் உண்மையைச் சொல்வதைவிடப் பொய்யைச் சொல்வதுதான் சுலபமாக இருக்கிறது. அந்த ஏடு அச்சாகி, பைண்டாகி, எங்கோ ஒரு பீரோவில் தூங்கப்போகிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஏட்டில் அவள் எழுதியிருந்தாள்: ஒரு தோட்டத்தில் மட்டும் மருந்து படாத கொடிகள் நோயை எதிர்த்து நின்றன, காரணம் தெரியவில்லை, மேலும் ஆராய வேண்டும். இரண்டாயிரத்து ஒன்றில் பட்டம் கிடைத்தது. ஊரில் எங்கள் வீட்டை டாக்டரம்மா வீடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு மகள் பிறந்தாள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்தது. வருஷா வருஷம் ஜூன் மாதம் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருக்கிற வேலை அது. நுண்ணோக்கி கிடையாது, ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் வராது. அவள் குறை சொல்லவே இல்லை. ஆனால் தோட்டத்துக்கு வந்தால் மட்டும் மேற்கு ஓரத்தில் போய் நின்றுகொண்டு இலையைத் திருப்பிப் பார்ப்பாள். அப்போதெல்லாம் நான் வாய்க்காலைப் பார்க்கப் போய்விடுவேன்.

முனைவர் பட்டம் வாங்கியவர்களைப் பல்கலைக்கழகங்கள் இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கின்றன என்பதும், அதற்கு போஸ்ட் டாக் என்று பெயர் என்பதும் எனக்கு அவள் மூலமாகத்தான் தெரிந்தது. கம்பம் மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டரில் வாரம் இரண்டு நாள் உட்காருவாள். நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கடையில் பருப்பு வடை தின்றுகொண்டிருப்பேன். அவள் அச்செடுத்து வரும் தாள்களை வீட்டில் நானும் படித்துப் பார்ப்பேன். இரண்டு பக்கத்தில் ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும், இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரை வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை இருக்கும்: பட்டம் வாங்கி இத்தனை வருஷத்துக்குள் இருக்க வேண்டும். சிலர் மூன்று வருஷம் என்பார்கள், சிலர் ஐந்து. பிள்ளை பெற்று வளர்த்த வருஷங்களை அவர்கள் கழிப்பதில்லை. அந்த நிபந்தனையை எழுதியவனை மட்டும் நேரில் பார்த்திருந்தால் நான்கு வார்த்தை கேட்டிருப்பேன்.

அவள் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு வந்த பதில்களை வைத்து நான் ஒன்று கற்றுக்கொண்டேன். நன்றி என்று தொடங்கினால் மேலே படிக்க வேண்டியதில்லை. பல இடங்களிலிருந்து அந்த நன்றியும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான் கொதிப்பேன். அவள் தாளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை எழுத உட்காருவாள். அந்தப் பொறுமை எனக்கு ஒரு நாள்கூட வாய்த்ததில்லை. அது பொறுமையா பிடிவாதமா என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாயிரத்து ஏழில் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ஆற்றங்கரை மலைச்சரிவில் திராட்சை வளர்க்கிற ஊர். திராட்சை நோய் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு இடம். பட்டம் வாங்கி ஆறு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு அந்த ஆறு வருஷம் டிசம்பரோடு முடிகிறது. இதற்குப் பிறகு அவள் எங்கேயும் விண்ணப்பிக்க முடியாது. இது போனால் ஜூன் மாதம் ஜூன் மாதமாகக் காத்திருக்கிற அந்தக் கல்லூரி வேலைதான். எங்கள் இருவருக்கும் இது தெரியும், ஆனால் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. விண்ணப்பம் அனுப்பினாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை அது நன்றியில் தொடங்கவில்லை. வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்குத் தொலைபேசியில் நேர்காணல் என்று இருந்தது.

நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேன். டீக்கடையில் போய், படிச்ச பொண்டாட்டியைப் பற்றிச் சொன்ன அதே ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னேன். அப்படியொரு அற்ப சந்தோஷம்.

நேர்காணலுக்கு முந்தைய நாள் மதியம் தோட்டத்தில் இருந்தோம். அவள் தன் ஆய்வுத் திட்டத்தை எனக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் அவர்களுக்கும் சொல்ல முடியும் என்பது அவள் கணக்கு.

"இந்த ரெண்டு வரிசையிலயும் என்னமோ இருக்கு மச்சான். இலைமேல வாழுற ஏதோ ஒரு நல்ல கிருமி, இல்லேனா மண்ணுல ஏதோ ஒண்ணு. அதக் கண்டுபிடிச்சிட்டா மருந்தே இல்லாமத் திராட்சை வளக்கலாம். மூணு தோட்டத்துல இங்கன மட்டுந்தான் நின்னுச்சு. அதத்தான் என்னன்னு பாக்கப்போறேன்."

சொல்லும்போது அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. அந்த இலைகளை எட்டொன்பது வருஷமாகச் செய்தித்தாளுக்கு நடுவில் காயவைத்துப் பத்திரப்படுத்தியிருந்தாள். அதையும் எடுத்துப்போகப் போகிறேன் என்றாள். அவள் ஆயுசில் மிச்சமிருக்கிற ஒரே வாய்ப்பை நான் சொன்ன மூன்று பொய்யின் மேல் கட்டிவைத்திருக்கிறாள். அங்கே போய் ஒன்றுமில்லாததை இரண்டு வருஷம் தேடப்போகிறாள்.

"அதுல ஒண்ணுமில்ல புள்ள," என்றேன். "நான் மருந்தடிச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பந்தலின் கல்தூணைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். டீக்கடைப் பேச்சையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள், அழுவாள், எழுந்து உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறிவிடுவாள் என்று என்னென்னவோ நினைத்தேன். பிறகு காதில் இருந்த பென்சிலை எடுத்தாள்.

"மொதத் தடவ எப்ப அடிச்சீக?"

"என்னது?"

"எந்த நாளுன்னு கேட்டேன். கவாத்து பண்ணி எத்தன நாள் கழிச்சு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். துளிரில் நாலைந்து இலை விரிந்திருந்தது. முந்தின நாள்தான் முதல் பெருமழை பெய்திருந்தது. சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

"ரெண்டாவது?"

"பூ வைக்கறதுக்கு ஒரு நாளோ ரெண்டு நாளோ முன்ன."

"கைத்தெளிப்பானா, மிஷினா?"

"கைதான்."

"இலைக்கு மேலயா அடியிலயா?"

"அடியில. நீ கட்டியிருந்த சீட்டு நனையக் கூடாதுன்னு."

"எத்தன டேங்க்?"

தப்புச் செய்தவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மருந்தின் பேர், தண்ணீரின் அளவு, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுவரை சொன்னேன். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கத்துக்குப் போனாள். என் வாழ்க்கையிலேயே பெரிய பாவத்தை நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன், இவள் மாசக் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறாளே என்று இருந்தது. எழுதி முடித்துப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்ட பிறகுதான் அவள் குரல் மாறியது.

"மூணு தடவ கேட்டேன் மச்சான்."

அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

சாயங்காலம் நான் ஒரு யோசனை சொன்னேன். யோசனையா அது, என் புத்தி போன போக்கு. "நாளைக்கு அவுககிட்ட இதச் சொல்ல வேண்டாம். அங்கன போய்ச் சேந்துரு. போன பெறகு வேற எதையாச்சும் ஆராய்ச்சி பண்ணிக்க. அவுகளுக்கு எப்படித் தெரியப்போகுது?"

"அவுகளுக்குத் தெரியாது," என்றாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தன் பழைய பேராசிரியருக்கு எழுதினாள். ஆய்வேட்டின் அந்தப் பத்தி தவறு, அதைத் திருத்தி ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும் என்று. பட்டத்தைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்று நான் பதறினேன். மற்ற இரண்டு தோட்டமும் ஒழுங்காக இருக்கிறது, பட்டம் நிற்கும், நிற்காவிட்டால் போகட்டும் என்றாள். இந்த நெஞ்சுரம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவளைப் பெற்ற எங்கள் மாமாவுக்குக் கரப்பான்பூச்சியைக் கண்டால் பயம்.

வியாழக்கிழமை மதியம் வீட்டுத் தொலைபேசி பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். மகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நான் முற்றத்தில் நின்றேன். மணி அடித்தது. அவள் சலாம் சொல்கிற மாதிரி மெதுவாக வணக்கம் சொல்லிவிட்டு, நீங்கள் கேள்வி கேட்பதற்கு முன் என் திட்டத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். எனக்குப் பாதிக்குப் பாதிதான் புரியும். என் கணவர் என்ற வார்த்தை வந்ததும் நன்றாகப் புரிந்தது. அவள் நிறுத்தினாள். லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள். பென்சிலால் எழுதிய தாள் மடியில் இருந்தது. நாள், மழை, டேங்க், இலையின் அடிப்பக்கம் என்று நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை அவளே சிரித்தாள். அரை மணி நேரம் என்று எழுதியிருந்தார்கள். பள்ளிவாசலில் நாலு மணிவாக்கில் அஸர் பாங்கு சொல்கிற வரைக்கும் பேசினார்கள்.

வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாக?"

"அந்தத் திட்டம் செல்லாதுன்னு சொன்னாக."

அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அங்கன மூணு பேரு இருந்தாக, அதுல ஒரு அம்மா பேசுனாக. அவுகதான் அந்தக் கூடத்துக்குத் தலைவி. உங்க ஊர்ல மத்தவுக எத்தன தடவ மருந்து அடிப்பாகன்னு கேட்டாக. வாரம் தவறாம அடிப்பாகன்னு சொன்னேன். அப்ப உங்க வீட்டுக்காரரு ரெண்டே தடவ அடிச்சு ஒரு பருவம் பூரா எப்படிக் காப்பாத்துனாருன்னு கேட்டாக. ஏன் அந்த ரெண்டு நாளப் பாத்து அடிச்சாருன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"அன்னைக்கெல்லாம் நான் ஊர்ல இல்லைன்னு சொன்னேன். மூணு பேரும் சிரிச்சுட்டாக."

அவளும் சிரித்தாள். நேற்று மதியத்திலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். சரியான இரண்டு நாளில், இலைக்கு அடியில் படும்படி அடித்தால் இரண்டு தடவையே போதுமோ என்னவோ, அதை வைத்துப் புதிதாக ஒரு திட்டம் எழுதிப் பத்து நாளில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எடுப்போம் என்று சொல்லவில்லை, படித்துப் பார்ப்போம் என்றார்கள். நான் செய்த தப்பு உருப்படியான ஒரு கேள்வியாக மாறியதற்கு நான் காரணமில்லை. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, அழவேண்டிய நேரத்தில் எத்தனை டேங்க் என்று கேட்டாளே, அந்தப் புத்திதான் காரணம். அந்தத் தாள் இல்லாமல் தொலைபேசியில் உட்கார்ந்திருந்தால் மன்னிப்பு மட்டும்தான் கேட்டிருக்க முடியும்.

பத்து நாள் அவள் தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது. கல்லூரிக்குப் போய்வந்து, மகளுக்குச் சோறூட்டிவிட்டு எழுதுவாள். நடுநடுவே என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பாள். எங்கள் ஊர்க்காரன் எதற்காக மருந்தடிக்கிறான், மேகத்தைப் பார்த்தா, இலையைப் பார்த்தா, பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தா என்று கேட்டாள். பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் அனுப்பினாள். டிசம்பர் பிறப்பதற்கு முன் பதில் வந்தது. பிரவுசிங் சென்டர்க்காரர் அந்தத் தாளை அச்செடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் முடிந்ததும் ஒரு மாதம் லீவு. மகளை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள்.

"இங்கனயும் ஒரு வருசம் பாக்கணும் மச்சான். இத்தன வரிசைக்கு ரெண்டு தடவ, நான் சொல்ற நாள்ல, அடியில. மேற்கு ஓரத்து ரெண்டு வரிசைக்கு ஒண்ணுமே கூடாது. வாரா வாரம் இலையத் திருப்பிப் பாத்து எண்ணி எழுதி அனுப்புங்க."

"சரி."

"இந்தத் தடவ நான் கேக்க மாட்டேன்," என்றாள்.

அந்த வருஷம் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது. மழை தொடங்கிப் பத்தாம் நாள் மேற்கு ஓரத்தில் முதல் மஞ்சள் புள்ளி விழுந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கழுத்தை அண்ணாந்து நான் எண்ணிக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஒருவர் வண்டியை நிறுத்தினார். அவர் கேட்கப்போவதை அவருக்கு முன்னால் நானே சொன்னேன்: "அடிக்கலைங்க." வியாபாரி பழம் பார்க்க வந்து, கருகிய வரிசையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஏலே, அவ அங்கன இருந்து பாக்கவா போறா? ஒரு டேங்க் அடிச்சுத் தொலையேன்டா. ஊரு சிரிக்குது," என்றார்.

ஒரு நாள் நிஜமாகவே கை மருந்துப் பக்கம் போய்விட்டது. டேங்கில் தண்ணீரும் மருந்தும் கலந்து, தோளில் மாட்டி, மேற்கு ஓரம்வரை நடந்துவிட்டேன். கொத்துக் கொத்தாகப் பிஞ்சு கருகித் தொங்கியது. வளர்க்கிறவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது பெற்ற பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது மாதிரிதான். கைப்பிடியை அழுத்தவில்லை. அப்படியே திரும்பி வந்து டேங்கைக் கழற்றிவைத்துவிட்டு, அன்றைக்கு எண்ண வேண்டிய இலைகளை எண்ணினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி, எண்களை அனுப்பினேன். டேங்கைத் தூக்கிக்கொண்டு போனதையும் எழுதினேன். அவளிடமிருந்து மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது. எண்கள் கிடைத்தன, கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று.

இரண்டு தடவை மருந்தடித்த வரிசைகள் அந்தப் பருவத்தில் ஏறக்குறைய நன்றாகத்தான் நின்றன. அங்கங்கே புள்ளி விழுந்தது, அதையும் மறைக்காமல் எழுதி அனுப்பினேன். ஊர் அதைக் கவனிக்கவில்லை. ஊர் கண்ணுக்கு மேற்கு ஓரம் மட்டும்தான் தெரிந்தது.

அவள் லீவில் வந்தபோது மதுரை விமான நிலையத்துக்கு நானும் மகளும் போனோம். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு முத்தம் கொடுத்து, அவளுக்கு முன்பல் விழுந்திருப்பதைப் பார்த்து, இருவரும் அழுது முடித்தார்கள். ஆண்டிபட்டி கணவாய் தாண்டித் தேனிக்குள் நுழைகிறவரை வீட்டுக் கதைதான். கம்பம் நெருங்கியதும் அவள் டிரைவரிடம், "அண்ணே, வீட்டுக்கு வேண்டாம். சுருளிப்பட்டி ரோட்டுக்கு விடுங்க," என்றாள்.

தோட்டத்து ஓரத்தில் இறங்கினாள். ஜெர்மனியில் வாங்கிய பூட்ஸ் காலோடு, மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மேற்கு வரிசைக்குள் போனாள். அந்த வருஷத்தின் இரண்டாம் பருவத்து மழையும் பெய்து ஓய்ந்திருந்தது. இலையெல்லாம் சுருண்டு, தண்டு கறுத்து, கொத்தில் கால்வாசிகூடத் தேறாமல் தொங்கியது. ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் ஒரு இலையைத் திருப்பினாள். அடுத்ததைத் திருப்பினாள். அந்த வரிசை முழுக்க, கடைசிக் கொடிவரை, கழுத்தை அண்ணாந்தபடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"ரொம்ப நல்லாக் கெட்டுப்போயிருக்கு மச்சான்," என்றாள்.

விவசாயம் பார்த்த இத்தனை வருஷத்தில் என் தோட்டத்தை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.